தோல் வாஷர்

அரசுக் கோப்புகள் இந்தியா மார்க் 2 என்று குறிப்பிடும் கைப்பம்பைத் தமிழகத்து ஊர்கள் அடிபம்பு என்றே அழைத்தன. சிமென்ட் மேடையில் ஊன்றிய மூன்று கால்கள், அவற்றின் மேல் தடித்த குழாய், அதன்மேல் வாய் வைத்த தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலே மூடி போட்ட இரும்புப் பெட்டி, அதிலிருந்து பின்பக்கம் நீளும் கைப்பிடி. 1970களின் கடைசியிலிருந்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வரை இந்த உருவம் இல்லாத ஊர் அரிது. கோயில் பக்கத்தில் ஒன்று, பள்ளிக்கூட வாசலில் ஒன்று, காலனியில் ஒன்று என்று நின்றன. சென்னையில் தெருவுக்குத் தெரு நின்றன. உலகின் பல நாடுகளுக்குப் போய், பல லட்சக்கணக்கில் நடப்பட்ட இந்தக் கருவி சென்னையில் உருவெடுத்து, கோவை வட்டாரத்து ஊர்களில் சோதிக்கப்பட்டது என்பதை அதில் தண்ணீர் அடித்தவர்களில் பெரும்பாலானோர் அறிந்ததில்லை.

அந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்களின் நினைவில் அடிபம்பு முதலில் சத்தமாகத்தான் வருகிறது. விடியுமுன்னே தெருக்கோடியில் ‘டங்… டங்…’ என்று கைப்பிடி இடிக்கத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் வீடுகளில் குடங்களைக் கழுவுவார்கள். வரிசையில் ஆள் நிற்கமாட்டார், குடம் நிற்கும். கழுத்தில் கட்டிய துணி, அடியில் ஆணியால் கீறிய எழுத்து, மூக்கு உடைந்த பச்சைக் குடம் என்று எது யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு குடத்தை முன்னே தள்ளி வைத்தால் சண்டை வரும். சண்டை போட்டவர்களே பத்து நிமிடம் கழித்து ஒருவருக்கொருவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிடுவார்கள்.

ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் கொள்ளும். இந்தப் பம்புக்கு வகுத்த தரமும் 40 முறை அடித்தால் 15 லிட்டர் என்பதுதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது ஊரகக் குடிநீர்த் திட்டங்கள் அன்று வைத்திருந்த கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 லிட்டர், அதாவது 13 குடத்துக்குமேல். அதை நிரப்ப 500 தடவைக்கு மேல் கைப்பிடியை அழுத்தவேண்டும். திட்ட அறிக்கைகளில் இந்த 500 என்ற எண் வராது. அதை அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பள்ளிக்கூடம் போகுமுன் இரண்டு மூன்று நடை எடுத்துவிட்டு ஓடிய பெண்பிள்ளைகள். கைக்கு எட்டாத சிறுவர்கள் கைப்பிடியில் தொங்கி, தங்கள் எடையாலேயே அதைக் கீழே இறக்குவார்கள். கையை விட்டால் அது மேலே எகிறித் தாடையைப் பதம் பார்க்கும்.

இந்தப் பம்பு பிறந்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய பம்புகளின் தோல்வி. 1966, 67-ஆம் ஆண்டுகளில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கடும் வறட்சி. திறந்த கிணறுகள் வற்றின. பாறைக்குள் வேகமாகத் துளையிடும் இயந்திரங்களை யுனிசெஃப் கொண்டுவந்தது. தீபகற்ப இந்தியாவின் பெரும்பகுதியும் கடும்பாறை நிலம். கடப்பாரையும் வெடியும் வைத்து மாதக்கணக்கில் தோண்டிய இடத்தில், காற்றழுத்தச் சுத்தியலால் ஓரிரு நாளில் துளை போட முடிந்தது. துளை போடுவது எளிதாகிவிட்டது. அதன்மேல் வைத்த பம்புகள் நிலைக்கவில்லை.

அன்று கிடைத்தவை வார்ப்பிரும்புப் பம்புகள். ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஒரு குடும்பமும் அதன் மாடுகளும் பயன்படுத்துவதற்காக வடிவமைத்தவற்றின் நகல்கள். ஒரு குடும்பம் ஒரு நாளில் அடிப்பதை இந்தியக் கிராமம் காலையில் சற்று நேரத்தில் அடித்து முடித்துவிட்டது. கைப்பிடியைத் தாங்கிய ஊசிகள் தேய்ந்தன, உள்ளே போகும் கம்பி ஒருபக்கம் சாய்ந்து உரசியது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டு உடைந்தது. 1974 வாக்கில் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது பம்புகளில் முக்கால்வாசி ஓடவில்லை. செலவிட்ட பணம் பாழாய்ப்போன இரும்பாகத் தெருவில் நின்றது. குடிநீர்த் திட்டத்தைத் தொடர்வதா கைவிடுவதா என்ற கேள்வியே அப்போது எழுந்தது.

விடை மகாராஷ்டிரத்திலிருந்து வந்தது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணறு வெட்டும் பணியைச் செய்துவந்த கிறித்தவ மிஷன்கள், உள்ளூர் மெக்கானிக்குகளின் கையால் வேறு மாதிரியான பம்பைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தன. வார்ப்பிரும்பை விட்டு எஃகுத் தகட்டை வெட்டிப் பற்றவைத்தார்கள். பல ஊசிகளுக்குப் பதில் ஒரே அச்சு. கம்பியைக் கைப்பிடியோடு சங்கிலியால் இணைத்தார்கள். பட்டறையில் கிடைத்த பொருளை வைத்து, ஓடிப் பழுதானதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தியவர்கள் அவர்கள். சோலாப்பூர்ப் பம்பு மற்றவை உடைந்த இடத்தில் உடையாமல் நின்றது. யுனிசெஃப் பொறியாளர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் புறப்படாமல், ஓடிக்கொண்டிருந்ததை எடுத்துச் செம்மைப்படுத்த முடிவு செய்தார்கள். இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க முடிவு இதுவே.

சென்னையில் இருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனமான மெராடோவும், மத்திய அரசின் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையும் அந்த வேலையில் சேர்ந்தன. விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எளிமையானவை, ஆனால் கடுமையானவை. சாதாரணப் பட்டறையில் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். விலை 200 டாலருக்குள் அடங்கவேண்டும். நாள் முழுவதும் ஓயாமல் அடித்தாலும் ஓராண்டு பழுதாகாமல் ஓடவேண்டும். மாதிரிகளைக் கொண்டுபோய் நட்ட இடம் கோவை வட்டாரம். அங்கே நீர்மட்டம் ஆழம், ஒரு பம்பை நம்பிய ஆட்கள் அதிகம். எளிய இடத்தில் சோதித்துத் தேர்ச்சி கொடுக்காமல், அதிகம் அடி வாங்கும் இடமாகப் பார்த்து வைத்தார்கள். 1977, 78 வாக்கில் உற்பத்தி தொடங்கியது.

மேல்பெட்டியின் மூடியை ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றித் திறக்கலாம். உள்ளே கைப்பிடியின் முனை கால்வட்டமாக வளைந்திருக்கும். அந்த வளைவின் மேல் சைக்கிள் செயினை விடத் தடித்த ஒரு சங்கிலி படிந்து, அதன் கீழ்முனையில் கம்பி தொங்கும். கைப்பிடி எந்தக் கோணத்தில் இருந்தாலும் சங்கிலி வளைவைத் தொட்டபடி நேராகவே இறங்குவதால் கம்பி சாய்வதில்லை, உரசுவதில்லை. பழைய பம்புகளைக் கொன்ற நோய்க்கு மருந்து இந்த வளைவுதான். அச்சு இரண்டு பால்பேரிங்குகளில் சுழலும். கைப்பிடியோ உள்ளீடற்ற குழாய் அல்ல, கெட்டியான சதுர இரும்பு. அதன் கனம் மறுபக்கத்தில் பல பத்து அடி ஆழத்துக்குத் தொங்கும் கம்பிகளின் எடையைச் சமன் செய்யும். சங்கிலியால் இழுக்க முடியுமே தவிரத் தள்ள முடியாது. கம்பி தன் எடையால் தானே இறங்கவேண்டும். ஆகவே ஆழம் குறைந்த கிணற்றில் இந்தப் பம்பு சோம்பும். ஆழத்தில்தான் ஒழுங்காக ஓடும்.

தூய்மைக்கான ஏற்பாடு கீழே இருந்தது. அடிக்குழாய் துளையின் உறைக்குழாயைச் சுற்றி மூடி, கான்கிரீட்டில் புதைந்து நிற்கும். மேடையில் சிந்தும் அழுக்குத் தண்ணீர் துளைக்குள் திரும்ப இறங்க வழியில்லை. கயிறோ வாளியோ காலோ தண்ணீரைத் தொடுவதில்லை. படிக்கிணற்றில் இறங்கி நீர் மொண்ட ஊர்களில் நரம்புச்சிலந்தி நோய் இருந்தது. காலிலிருந்து நூல்போலப் புழு வெளிவரும் அந்த நோயை முதியவர்கள் அச்சத்தோடு சொல்லியிருக்கிறார்கள். நோய்வாய்ப்பட்டவர் காலை நீரில் வைத்தால் புழுவின் குஞ்சுகள் நீரில் பரவும். அதைக் குடித்தவருக்கு அடுத்த ஆண்டு நோய் வரும். தண்ணீரிலிருந்து காலைப் பிரித்த அடிபம்பும், படிக்கிணறுகளை மூடியதும், வடிகட்டிக் குடிக்கும் பழக்கமும் சேர்ந்து அந்தச் சுழற்சியை அறுத்தன. 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்ட நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

வடிவமைத்தவர்கள் எண்ணிப் பாராத சில வேலைகளை ஊர் செய்துகொண்டது. கைப்பிடி இடிக்கும் இடத்தில் பழைய டயர்த் துண்டைச் சொருகினார்கள். சத்தமும் குறைந்தது, அதிர்ச்சியும் குறைந்தது. வாய்க்கும் குடத்துக்கும் இடையே உயரம் பொருந்தாத இடத்தில் ஒரு தட்டைக்கல் வந்து சேர்ந்தது. தண்ணீர் சிதறாமல் குடத்துக்குள் விழ, வாயில் துணியைக் கட்டினார்கள். கைப்பிடி முனையில் குறுக்காக ஒரு குழாயைப் பற்றவைத்த ஊர்களும் உண்டு. அங்கே இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடிக்கலாம். மேடையிலிருந்து வழியும் நீர் பக்கத்து வீட்டு வாழைக்கோ முருங்கைக்கோ போகும்படி வாய்க்கால் கீறப்பட்டது. தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகாத அந்தச் சிறு வாய்க்கால் எந்த வரைபடத்திலும் கிடையாது.

மார்க் 2-க்குக் காப்புரிமை வாங்கவில்லை. வரைபடம் பொதுச்சொத்து, எந்தப் பட்டறையும் செய்யலாம். இந்தியத் தர நிறுவனம் அதற்கான தரத்தை வெளியிட்டது. கூடவே ஒரு கண்டிப்பும் இருந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் தொழிற்சாலை வாசலைத் தாண்டுமுன் வெளியாள் வந்து அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பேரிங் பொருந்தும் துளை சற்று விலகியிருந்தாலும் மொத்தமும் திருப்பி அனுப்பப்பட்டது. வரைபடத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதும் தரத்தைப் பூட்டிவைத்ததும் சேர்ந்ததால்தான், கோவையில் வாங்கிய சங்கிலி பீகாரில் செய்த பம்பில் பொருந்தியது. ஒரு பம்பு போனால் பக்கத்து ஊர்ப் பம்பின் பாகம் உதவியது. 1980களின் நடுவில் நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இதைச் செய்தன.

ஆனால் உடையாத பம்பும் தேயும். தேய்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்: நிலத்துக்கு அடியில், பித்தளை உறை போட்ட சிலிண்டருக்குள், பிஸ்டனைச் சுற்றி இருக்கும் தோல் வாஷர். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம் போன்ற அந்தத் தோல்தான் தண்ணீரைத் தூக்குகிறது. மணல் கலந்த நீரானால் அது சீக்கிரம் தேயும். தேயத் தேய, 40 அடியில் நிரம்பிய குடம் 60 அடி கேட்கும், பிறகு 100. கடைசியில் கைப்பிடி காற்றாய் ஆடும், தண்ணீர் வராது.

அந்த வாஷரை மாற்றுவது ஊரே கூடிப் பார்க்கும் வேலை. வண்டி வரும். நான்கைந்து பேர் இறங்குவார்கள். மேல்பெட்டி கழற்றப்படும், தொட்டி கழற்றப்படும். பிறகு குழாயைக் கவ்வும் இடுக்கியை மாட்டி, எல்லாரும் சேர்ந்து ‘ஏலேசா’ போட்டு மேலே இழுப்பார்கள். மூன்று மீட்டருக்கு ஒரு குழாய்; உள்ளே ஒரு கம்பி. முதல் குழாய் முழுதாக வெளிவந்ததும் அடுத்ததைக் கிளாம்பில் பூட்டி, மரையைத் திருகிப் பிரித்துத் தரையில் கிடத்துவார்கள். முப்பது மீட்டர் ஆழமென்றால் பத்துக் குழாய். குழாயும் கம்பியும் உள்ளே நிற்கும் தண்ணீருமாக எடை நூறு கிலோவைத் தாண்டும். கை நழுவினால் மொத்தமும் துளைக்குள் போய்விடும். அதோடு அந்தக் கிணறும் போனதுபோலத்தான். ஆகவே கிளாம்பைப் பிடித்திருப்பவரை யாரும் பேச்சுக்கு இழுக்கமாட்டார்கள்.

கடைசியில் சிலிண்டர் வெளிவரும். மெக்கானிக் அதைத் திறந்து, விளிம்பு நைந்து காகிதம்போல மெலிந்த தோலை எடுத்துக் காட்டுவார். இவ்வளவு பெரிய ஏற்பாடும் இந்த ஒரு துண்டுக்காகத்தானா என்ற வியப்பு சுற்றி நின்ற முகங்களில் தெரியும். புதிய தோலைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ ஊறவைத்து மாட்டி, பத்துக் குழாயையும் திரும்ப இறக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். முதலில் செந்நிறமாகத் துருவும் சேறும் வரும், பிறகு தெளியும். தெளிந்த முதல் குடத்தை மெக்கானிக்குகள் கைகால் கழுவக் கொடுப்பது பல ஊர்களில் வழக்கம்.

இந்த வண்டியை வரவழைப்பதற்கென்று ஒரு நிர்வாக முறை வேண்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் தமிழகத்தில் உருவாகி, பிற மாநிலங்களும் எடுத்துக்கொண்ட மூன்றடுக்குப் பராமரிப்பு முறை அது. பம்புக்கு ஒருவர் ஊரிலேயே பொறுப்பாளர். மரை தளர்ந்தால் முடுக்குவதும், சங்கிலிக்கு கிரீஸ் போடுவதும், பழுதானால் அச்சிட்ட அஞ்சலட்டையில் தகவல் எழுதிப் போடுவதும் அவர் வேலை. ஏறக்குறைய 100 பம்புக்கு ஒன்றிய அளவில் ஒரு மெக்கானிக். 500 பம்புக்கு மாவட்ட அளவில் ஒரு நடமாடும் குழு, வண்டியும் கருவிகளுமாக. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் வண்டிக்கு டீசல் இல்லாத மாதமும், வாஷர் இருப்பில் இல்லாத மாதமும், கோடையில் எல்லா ஊரிலும் ஒரே சமயம் பம்பு நின்ற மாதமும் இருந்தன. தெருவின் பம்பு நின்ற நாட்களில் பெண்கள் அடுத்த தெருவுக்கோ வயல் கிணற்றுக்கோ நடந்தார்கள். ஒரு தோல் துண்டுக்காக ஒரு தெரு வாரக்கணக்கில் நடந்தது என்பதே அந்தக் காலத்தின் உண்மையான கணக்கு.

இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சியும் கோவையிலேயே நடந்தது. 1983 முதல் சில ஆண்டுகள் உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றின் உதவியோடு அங்கே பம்புகளை நெடுங்காலம் கவனித்தார்கள். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் நீடித்து உழைப்பது தெரிந்தது. இரண்டாவது மாற்றம் இன்னும் பெரியது. குழாயை அகலமாக்கினால், பத்துக் குழாயையும் தூக்காமல் கம்பியை மட்டும் இழுத்துப் பிஸ்டனை அதன் வழியே வெளியே எடுத்துவிடலாம். வண்டி வேண்டாம், நான்கைந்து தடியர்கள் வேண்டாம். ஊர்க்காரர் இரண்டு பேர், சில ஸ்பானர்கள் போதும். இதுதான் மார்க் 3. பழுது பார்க்கும் வேலை ஆண்களின் தோள்வலிமையை நம்பியிருந்த வரை தண்ணீர் எடுக்கும் பெண்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருந்தார்கள். ராஜஸ்தானின் திலோனியாவிலும் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்திலும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பயிற்சி பெற்றுக் கைப்பம்பு மெக்கானிக்குகள் ஆனார்கள். அடிப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒருவரானால் பம்பு வாரக்கணக்கில் நிற்காது. ஆனால் அகலக் குழாய் விலையும் கூட, எடையும் கூட. ஏற்கெனவே லட்சக்கணக்கில் நட்டுவிட்ட மார்க் 2-களை மாற்ற யாரிடமும் பணமில்லை.

பம்பை எங்கே நடுவது என்பது பொறியியல் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. ஊர்க்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை தலித் மக்களுக்கு மறுக்கப்பட்ட நாட்டில், 1927-இல் மகாடில் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் போராட்டம் நடத்தவேண்டியிருந்த நாட்டில், ஒரு துளையின் இடம் என்பது அரசியல். ஆதிதிராவிடர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை என்ற அரசு விதி பல காலனிகளுக்கு முதல்முறையாகச் சொந்தத் தண்ணீரைத் தந்தது. யாரும் ஊற்றுவதற்காகக் கையேந்தி நிற்க வேண்டியதில்லை என்பதை அந்தத் தலைமுறை நன்றாகவே உணர்ந்தது. அதே விதி ‘உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே’ என்ற பேச்சுக்கும் இடம் கொடுத்தது. காலனிப் பம்பு நின்றபோது ஊர்ப் பம்புக்குப் போகமுடியாத நாட்களில், வாஷர் தேய்வதன் பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கவில்லை.

கொடையாளிகளுக்கு அடிபம்பு பிடித்தமான பொருள். விலை சொல்லலாம், எண்ணலாம், படம் எடுக்கலாம், சிமென்ட் மேடையில் பெயர் பொறிக்கலாம். சட்டமன்ற உறுப்பினர் நிதி, மறைந்த தந்தையார் நினைவு, வெளிநாட்டுத் தேவாலயம் என்று மேடைகளில் எழுத்துக்கள் இருந்தன. இதில் தவறேதும் இல்லை. தண்ணீர் கொடுத்தவர் பெயர் நிற்கட்டும். கவலைக்குரியது, நடுவதற்கு வந்த பணம் வாஷருக்கு வந்ததில்லை என்பது. ஆப்பிரிக்காவில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. மார்க் 2 அங்கே பல நாடுகளுக்குப் போனது. பம்போடு மூன்றடுக்கு முறை போகவில்லை. உதிரிபாகக் கடையும் போகவில்லை. சில இடங்களில் அமிலத்தன்மை உள்ள நிலத்தடி நீர் துத்தநாகம் பூசிய குழாய்களை அரித்துத் தின்றது. 2009-இல் தொகுத்த ஒரு மதிப்பீட்டின்படி சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் கைப்பம்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடவில்லை.

அங்கேதான் பிளேபம்ப் என்ற கருவியின் கதை நடந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த எண்ணம் அது: சிறுவர்கள் சுற்றி விளையாடும் ராட்டினத்தைப் பம்போடு இணைத்தால், விளையாட்டிலேயே தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறிவிடும், தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகை வைத்தால் பராமரிப்புச் செலவும் கிடைத்துவிடும். கேட்டவர் மனம் இளகும் யோசனை. 2000-இல் உலக வங்கியின் பரிசு வந்தது. 2006-இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தன. 2010-க்குள் 4,000 பம்பு என்பது இலக்கு. ஒன்றின் விலை ஏறக்குறைய 14,000 டாலர். அந்தப் பணத்தில் பல கைப்பம்புகளை நட்டிருக்கலாம்.

ஊர்களில் நடந்தது வேறு. பிள்ளைகள் எப்போதும் விளையாடுவதில்லை. தண்ணீர் வேண்டிய விடியற்காலையில் நிச்சயம் விளையாடுவதில்லை. பெண்கள் குனிந்து, தாழ்வான ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்புகளையே சில இடங்களில் கழற்றிவிட்டு இதை வைத்திருந்தார்கள். பழுதானால் ஊரில் யாராலும் திறக்கமுடியாது. குக்கிராமத்து விளம்பரப் பலகையை வாடகைக்கு எடுக்க வணிகர்கள் வரவில்லை. சொல்லப்பட்ட 2,500 பேருக்குத் தண்ணீர் ஏற்றவேண்டுமானால் பிள்ளைகள் ஒரு நாளில் 27 மணி நேரம் சுற்றவேண்டும் என்று கார்டியன் நாளிதழ் 2009-இல் கணக்கிட்டது. முன்னின்ற அமெரிக்க அறக்கட்டளை 2010-இல் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திட்டத்தை விட்டது. அந்த நேர்மைக்கு மதிப்புண்டு. ஆனால் ஐந்து நிமிடம் அந்த ராட்டினத்தைத் தண்ணீருக்காகத் தள்ளிய ஒரு பெண்ணிடம் முன்பே கேட்டிருந்தால் அத்தனை கோடியும் மிஞ்சியிருக்கும்.

கொடை பராமரிப்பை மறக்கவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தல் தருமங்கள் வருகின்றன. பந்தல் போட்டதோடு அவை நிற்பதில்லை. தண்ணீர் ஊற்றுபவருக்கும், பானை கொடுக்கும் குயவருக்கும் ஆண்டுதோறும் போய்ச் சேரும்படி நிலம் எழுதிவைப்பதும் உண்டு. ஏரிக்கு விட்ட மானியம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அதன் வருவாய் தூர் எடுக்கவும் கரை காக்கவும் உரியது. பராந்தக சோழனின் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. உடையும் பானைக்கு மாற்றுப் பானை எங்கிருந்து வரும் என்பதைக் கொடுத்தவரே எழுதிவைத்த மரபு அது. அடிபம்பு மேடையில் பெயர் பொறித்தவர்களில் வாஷருக்கு எழுதிவைத்தவர்கள் அரிது.

பம்பால் தீர்க்கமுடியாத ஒன்றும் இருந்தது: கீழே உள்ள தண்ணீரின் குணம். வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து பிள்ளைகளைக் காக்க லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. அந்த நல்ல நோக்கம் பலித்தும் இருந்தது. 1993-இல் அந்த நீரில் ஆர்செனிக் இருப்பது தெரியவந்தது. கோடிக்கணக்கானவர்கள் அதைப் பல ஆண்டுகள் குடித்திருந்தார்கள். பிறகு ஊர் ஊராகச் சோதித்து, நஞ்சுள்ள பம்பின் வாயில் சிவப்பும் நல்ல பம்பின் வாயில் பச்சையும் பூசினார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அறிவிப்பு. ஆனால் பச்சைப் பம்பு தொலைவில் இருந்த வீடுகளில் சிவப்பு நீரே தொடர்ந்தது. தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நஞ்சு ஃபுளோரைடாக வந்தது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு வளைந்த முதுகும் மடங்காத மூட்டும். பாறை தந்த தண்ணீரே பாறையின் உப்பையும் தந்தது. அங்கே விடை அடிபம்பில் இல்லை. காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் தொடங்கி 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

மற்ற ஊர்களில் அடிபம்பை ஓயவைத்தது மின்மோட்டார். இலவச மின்சாரத்தில் ஓடிய பாசன மோட்டார்கள் நீர்மட்டத்தைக் கீழே கீழே இழுத்தன. கைப்பம்பின் கம்பி 45 மீட்டர் வரை போனால் அடிப்பவர் தோள் கழன்றுவிடும். மோட்டாருக்கு அந்த எல்லை இல்லை. அதே துளைக்குள் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி, பக்கத்தில் ஒரு சின்டெக்ஸ் தொட்டியை ஏற்றி, நான்கு குழாய் வைத்தபோது பெண்களின் தோள்கள் இளைப்பாறின. அதை யாரும் குறை சொல்லமுடியாது. சென்னையில் நிலத்தடி நீர் வறண்ட ஆண்டுகளில் தெருப் பம்புகள் காற்றைத் துப்பின. 2003-இல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபின் நல்ல மழை பெய்த பருவங்களில் அவற்றில் சில மறுபடி தண்ணீர் தந்தன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு 55 லிட்டர் என்று கணக்கை மாற்றியது.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டிகள் காலி. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க முடிந்த ஊராட்சிகள் எடுத்தன. மற்ற இடங்களில் ஓடிய அடிபம்புகளில் கூட்டம் கூடியது. சங்கிலி துருப்பிடித்து, உள்ளே வாஷர் காய்ந்து கிடந்த பம்புகளுக்கு மெக்கானிக்கைத் தேடிப் போனார்கள். ஊராட்சிகளில் அந்த வேலை தெரிந்தவர்கள் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்கள். குழாய் தூக்கும் இடுக்கியும் கிளாம்பும் ஒன்றியக் கிடங்குகளில் தேடி எடுக்கவேண்டிய பொருளாகியிருந்தன. புயல், வெள்ளக் காலத்துக்கென்று தெருவுக்கு ஒரு கைப்பம்பையாவது ஓடும் நிலையில் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, ஆண்டுக்கு ஒருமுறை குழாயை ஏற்றி இறக்கும் கூலியும் ஒரு ரப்பர் வாஷரின் விலையும்.